அத்தியாயம் 19: மேலாளரின் லாகின்

நேர்காணலுக்குக் கிளம்பி, வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்த அக்காவை அப்படியே நிற்கவைத்துவிட்டுத்தான் சென்ற வாரம் பிரிந்தோம். ஏழு நாளாக ஒற்றைச் செருப்போடு நிற்கிறாள், பாவம். முதலில் அவளை இறக்கிவிடுவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பல நாடுகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் ஒரு பெரிய நிறுவனத்தின் மாவட்ட ஆபீசில் களப் பணியாளர்களுக்கு மேற்பார்வையாளர். பதினாறு வருடம் தோளில் மருந்துப் பெட்டியைத் தொங்கவிட்டு அலைந்ததால் ஆபீசில் 'ஐஸ்பெட்டி' என்று சொன்னால்தான் ஆள் தெரியும். பெற்றோர் போன பிறகு அவள் வளர்த்து ஆளாக்கிய தம்பி அதே ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். தம்பி மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். வயிற்றில் ஏழு மாதம்.

மாவட்ட மேலாளர் நாற்காலியில் இதுவரை மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவரும் விமானத்தில் வந்தவர்கள். ஐஸ் பேக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலிருந்து மூவருக்கும் சொல்லிக்கொடுத்தவள் அக்கா. இந்த வருடம் தலைமையகத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. உள்ளூரிலேயே திறமையைக் கண்டெடுக்க வேண்டும், வளர்க்க வேண்டும், நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். அதற்கு ஒரு திட்டம், ஒரு குழு, ஒரு போஸ்டர். மருந்துப் பெட்டியோடு ஒற்றையடிப் பாதையில் நடந்துபோகும் ஒரு பெண்ணின் முதுகு போஸ்டரில் இருந்தது. அது அக்காவின் முதுகு. முகத்தைப் படம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நாற்காலி அக்காவுக்கு வேண்டும். இதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை என்பதால் நான் சொல்கிறேன். ஆற்றுக்கு அக்கரையில் எந்த ஊருக்கு ஃப்ரிட்ஜ், எந்த ஊருக்கு ஆள் என்று முடிவு செய்யும் கையெழுத்து அந்த நாற்காலிக்குத்தான் உண்டு. பதினாறு வருடமாக அந்தக் கையெழுத்துக்காக இன்னொருவர் வாசலில் நின்று நின்று அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். மூன்று மேலாளர்களும் தலைமையகத்துக்கு அனுப்பிய அறிக்கைகளை எழுதியது அக்கா. மேலாளரின் லாகினிலிருந்து மட்டும்தான் அறிக்கை போகும். முதல் மேலாளர் காய்ச்சலில் படுத்த ஒரு மாதக் கடைசியில், இந்த ஒரு தடவை என்று சொல்லி, தம்பி அந்த லாகினை அக்காவுக்குத் திறந்துகொடுத்தான். அந்த ஒரு தடவை பதினொரு வருடம் ஓடிவிட்டது. அடுத்து வந்த இருவருக்கும் அது ரொம்ப சௌகரியமாக இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் புது விதி வந்தது: ஒருவர் லாகினை இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால் இருவருக்கும் வேலை போகும், பழைய கதையும் கணக்கில் சேரும். எல்லோரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த வரியில் போட்டார்கள்.

இன்னொரு செருப்பு கதவுக்குப் பின்னால் கிடைத்தது. தம்பி எடுத்துக்கொடுத்தான். கொடுக்கும்போதே மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, அந்த அறிக்கையெல்லாம் நீதான் எழுதினேன்னு சொல்லிடேன்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாங்கிற?"

"வேண்டாம்னா விடு. நேரமாகுது."

அவ்வளவுதான் பேச்சு. இந்த வீட்டில் எப்போதும் இப்படித்தான். முன்பு இரண்டு பேருக்கும் ஒரே குடை இருந்தது. அவனுக்கு ஆகட்டும் என்று அவள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். அவளுக்கு ஆகட்டும் என்று அவனும் வைத்துவிட்டுப் போவான். குடை வீட்டில் காய்ந்துகொண்டிருக்கும், இருவரும் தொப்பலாக நனைந்து வருவார்கள். ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் என்ன என்று தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து பல தடவை கேட்டவள் தம்பி மனைவி. அவள் பேச்சு எடுபட்டதில்லை.

கூட்ட அறை மருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ்கள் உறுமிக்கொண்டிருந்தன. எந்த உறுமல் எந்த ஃப்ரிட்ஜ் என்று அக்காவுக்கு அத்துப்படி, மூன்றாவதுக்கு இன்று கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்றுகூடக் கவனித்தாள். மேஜைக்கு எதிரில் திறமைப் பிரிவின் தலைவி உட்கார்ந்திருந்தார். அவரும் விமானத்தில் வந்தவர்தான், ஆனால் நம் பேச்சைச் சுத்தமாகப் பேசுவார். சுவரில் மாட்டிய திரையில் இன்னும் இரண்டு முகங்கள். ஒன்று வாயைத் திறந்தபடியே உறைந்துபோயிருந்தது. அது பேசவும் இல்லை, மூடவும் இல்லை.

முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. வெள்ளம் வந்தால் மருந்தை எப்படிக் கொண்டுபோவீர்கள் என்றார்கள், சொன்னாள். வேலைக்கு வராத பணியாளரை எப்படிக் கையாள்வீர்கள் என்றார்கள், முதலில் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன் என்றாள். தலைவி சிரித்தார், எழுதிக்கொண்டார். அக்காவுக்கு உள்ளே லேசாக ஒரு தைரியம் வந்தது.

பிறகு தலைவி நான்கு தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார். இது நம் நிறுவனத்தில் எல்லா நாடுகளிலும் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அறிக்கை, நிதானமாகப் படித்துப் பாருங்கள், இதில் தலைமைப் பண்பு எங்கே தெரிகிறது என்று சொல்லுங்கள் என்றார். மேலே மூன்றாவது மேலாளரின் பெயர் அச்சாகியிருந்தது.

முதல் வரியிலேயே அக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் அவள் படிக்கவில்லை, கண்ணை மட்டும் ஓட்டினாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அக்கரையில் ஊசி போட்ட குழந்தைகளுக்கே கக்குவான் இருமல் வந்தது. இரண்டு குழந்தைகள் பிழைக்கவில்லை. மருந்து வெயிலில் கெட்டுவிட்டது என்று எல்லோரும் ஒரே முடிவாக இருந்தார்கள். அக்கா மட்டும் பெட்டி பெட்டியாகத் திறந்து, குப்பி குப்பியாக எடுத்து ஆட்டிப் பார்த்தாள். மருந்து சூட்டில் கெடவில்லை, குளிரில் உறைந்து செத்திருந்தது. ஐஸ் பேக்கை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்து, காதருகே ஆட்டி, உள்ளே தண்ணீர் சலசலத்த பிறகுதான் பெட்டியில் அடுக்க வேண்டும். இது புத்தகத்தில் உள்ள பழைய விதிதான். ஆனால் பணியாளர்கள் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு அடுக்கினார்கள். ஏன் என்று தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் அக்காவிடமே வந்து நின்றது. மேற்பார்வைக்குப் போகும்போதெல்லாம் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்து, ஜில்லென்று இருந்தால் முதுகில் தட்டிக்கொடுப்பாள். அந்தத் தட்டிக்கொடுத்தலுக்காகப் பணியாளர் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு ஜில்லாக்கினார்கள்.

அதை அவள் மறைக்கவில்லை. இரண்டாம் தாளின் கடைசியில் இப்போதும் இருந்தது: 'பெட்டி எவ்வளவு ஜில்லென்று இருக்கிறதோ அவ்வளவு நல்ல வேலை என்று பாராட்டிப் பழக்கியது நான்தான். முதல் பொறுப்பு என்னுடையது.' அந்த இரண்டு வாக்கியத்தை எழுத அவளுக்கு நான்கு நாள் பிடித்தது. எழுதிய அன்று சாப்பிடவில்லை.

தலைவி அந்த வரியின் மேல் விரலை வைத்தார். ஒரு மேலாளர் தன் தவறைத் தானே எழுதுவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் பாருங்கள், இந்த நேர்மையைத்தான் உள்ளூர்த் தலைவர்களிடம் வளர்க்க ஆசைப்படுகிறோம் என்றார். திரையில் உறையாமல் இருந்த முகம் தலையாட்டியது.

பிறகு கேட்டார்: "இந்த அறிக்கையில உங்களுக்கு ஏதாவது பங்கு உண்டா?"

அக்கா மனசுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டாள். உண்டு என்றால், எப்படி என்பார்கள். எழுதினேன் என்றால், எந்த லாகினில் என்பார்கள். லாகினைத் திறந்துவிட்டது யார் என்பார்கள். இரண்டு மாதம் கழித்து, தையல் மிஷின் மட்டுமே சம்பாதிக்கும் ஒரு வீட்டில் ஒரு குழந்தை பிறக்கும்.

"கூடப் போனேன்" என்றாள். "பெட்டி தூக்கினேன்."

"எழுதுறதுல உதவி செஞ்சீங்களா?"

"இல்லை."

சரி, உங்கள் தவறை நீங்களே ஒப்புக்கொண்ட ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்றார் தலைவி. பதினாறு வருடத்தில் அவளுக்கு இருந்த ஒரே சம்பவம் அவள் கையிலேயே, இன்னொருவர் பெயரில் இருந்தது. ஒரு தடவை வெப்பநிலை அட்டவணையை ஒரு நாள் தாமதமாக அனுப்பிவிட்டேன், மன்னிப்புக் கேட்டேன் என்று சொன்னாள். தனக்கே கேட்கச் சகிக்கவில்லை. தலைவி அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது பணியாளர் பிரிவு அதிகாரியின் கதவு திறந்தது. தம்பி வெளியே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பரீட்சையில் பாஸான நாளில்கூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

"சொல்லிட்டேன்க்கா."

"என்னத்தைச் சொன்னே?"

"எல்லாத்தையும். லாகினைத் திறந்து கொடுத்தது நான், எழுதினது நீ. எந்தெந்தத் தேதி, எந்தக் கம்ப்யூட்டர், எல்லாம் எடுத்துக் கொடுத்துட்டேன். என் வேலை போனாப் போகட்டும். இனிமே எழுதினது நீ இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது."

அக்காவுக்கு அவனை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "நான் இல்லைன்னு சொல்லிட்டேன்டா" என்றாள்.

அவன் சிரிப்பு போக ரொம்ப நேரமானது.

மதியம் அவளை மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை திரை அணைந்திருந்தது. தலைவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மதியம்வரை பட்டியலில் உங்கள் பெயர்தான் முதலில் இருந்தது என்றார். அறிக்கை எழுதவில்லை என்றாலும்கூட முதலில் இருந்தது. லாகின் விவகாரத்தைக்கூட மேலிடத்தில் பேசிப் பார்த்திருக்கலாம். ஆனால் நேருக்கு நேர் கேட்ட கேள்விக்கு நேர்காணலில் பொய் சொன்னவரை நான் எப்படித் தலைவராக்குவது, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

சொல்வதற்கு அவளிடம் உண்மை மட்டும்தான் மிச்சமிருந்தது, அது காலையிலேயே செலவழிய வேண்டிய நேரத்தில் செலவழியவில்லை.

இப்போதைக்கு விமானத்தில் நான்காவது ஆள் வருகிறாராம். பழக்கிவிட வேண்டுமாம். எழுந்தபோது தலைவி கையைப் பிடித்து, உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கு ரொம்ப முக்கியம் என்றார். மனசாரத்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

அடுத்து அதிகாரியின் அறை. பணியாளர் பிரிவு அதிகாரி நல்ல மனிதர். பேனாவை மூடி மூடித் திறந்தபடி, சுற்றி வளைக்காமல் பேசினார். தம்பியாகவே லாகினைத் திறந்து, இது அனுமதி வாங்கினதுதான் என்று உங்களை நம்பவைத்திருந்தால் உங்களுக்கு எச்சரிக்கையோடு போகும். நீங்கள் வளர்த்தவர் என்ற உரிமையில் வற்புறுத்தி வாங்கியிருந்தால் அவனுக்கு எச்சரிக்கையோடு போகும். யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுங்கள், மற்றவரை நான் பார்த்துக்கொள்கிறேன். சாயந்தரம் ஆறு மணிக்கு டிரைவரை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். ஒரு வெள்ளைத்தாளையும் உறையையும் கொடுத்தார்.

அவளுக்கு முன்பே தம்பியைக் கூப்பிட்டு, அவனுக்கும் இதையே சொல்லி, அவனுக்கும் ஒரு தாளையும் உறையையும் கொடுத்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு ஒன்றாகத்தான் நடந்தார்கள். மருந்துக்கடை முனையில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தம்பி கையை நீட்டினான், அக்கா பிடித்துக்கொண்டு தாண்டினாள். தாண்டியதும் விட்டுவிட்டாள். பட்டியலில் முதலில் இருந்ததை அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் ஆயுசுக்கும் தலை நிமிர மாட்டான். அவனும் ஏதோ கேட்க வாயெடுத்து, மூன்றாவது ஃப்ரிட்ஜுக்கு என்னாச்சு என்று கேட்டான். கம்ப்ரசர் போலிருக்கு என்றாள்.

தம்பி மனைவி மிஷினை நிறுத்திவிட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரோ ஒரு பெண்ணின் ரவிக்கை பாதி கையோடு ஊசியின் கீழே கிடந்தது. என்ன ஆச்சு என்று கேட்டாள். முடிவு இன்னும் வரவில்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். முன்கூட்டிப் பேசிவைக்காமலே அந்தப் பொய் மட்டும் ஒன்றாக வந்தது.

நாலரை மணிக்கு அக்கா சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்தாள். ஆபீஸ் வேலை என்றாள். ஐந்து நிமிடத்தில் எதிர்ப்பக்கம் தம்பி வந்து உட்கார்ந்தான். எனக்கும் ஆபீஸ் வேலை என்றான். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்குக் காட்டாத பிள்ளைகளைப் போல இருவரும் இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டு எழுதினார்கள்.

பதினொரு வருடமாக அடுத்தவர் பெயரில் எழுதிய அக்காவுக்கு முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு கடிதம். அதிலும் நடக்காத கதையை எழுத வேண்டியிருந்தது. தம்பி மாட்டேன் என்று அழுதான், வளர்த்த கடனைச் சொல்லி மிரட்டி வாங்கினேன் என்று எழுதினாள். எழுத்து அழகாக வந்தது. அவள் அறிக்கை எழுதுவதில் கெட்டிக்காரி என்பது எல்லா நாடுகளுக்கும் தெரிந்த விஷயம், அவள் பெயர்தான் தெரியாது.

ஐந்தேமுக்காலுக்கு இருவரும் உறையை எடுத்தார்கள். ஒரே மாதிரி உறை, ஒரே முத்திரை, மேலே அதிகாரியின் கையெழுத்தில் 'ஆறு மணிக்கு டிரைவரிடம் கொடுக்கவும்' என்ற ஒரே குறிப்பு. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை, தாளை மட்டும் இறுக்கிக்கொண்டார்கள்.

தம்பி மனைவி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தாள். வெடுக்கென்று இருவர் கையிலிருந்தும் தாள்களைப் பிடுங்கினாள். நின்றபடியே படித்தாள். முதலில் புருஷனுடையது, பிறகு அக்காவுடையது.

"எந்த வேலை போகப்போகுது?" என்று கேட்டாள். "இதுவா, அதுவா?"

இருவரும் தாளுக்குக் கை நீட்டினார்கள். அவள் கொடுக்கவில்லை.

"ரெண்டையும் கொடுத்தா ரெண்டும் போகும். அது தெரியுதா உங்களுக்கு?"

"என்னோடதைக் கொடும்மா" என்றாள் அக்கா.

"என்னோடதுதான் உண்மை" என்றான் தம்பி.

"ரெண்டுல எதுவும் உண்மை இல்லை. இன்னிக்குக் காலையில செருப்பு மாட்டும்போது ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசியிருந்தீங்கன்னா அதுதான் உண்மையா இருந்திருக்கும்." அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "பேசாம இருந்தே என்னை இந்த இடத்துல நிறுத்திட்டீங்களே அண்ணி."

வெளியே ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்தது.

ஒரு தாள் போனால் அவள் வயிற்றில் இருப்பதன் அப்பாவுக்கு வேலை இல்லை. இன்னொன்று போனால் அந்த அப்பாவை வளர்த்தவள் பதினாறு வருடத்தையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டில் உட்காருவாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு தாளையும் ஓர் உறையையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். தீக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டது. காகிதம் கருகும் வாசனை கூடத்துக்கு வந்தது. பிறகு ஒட்டிய உறையோடு வெளியே வந்து, நேராக வாசலுக்குப் போய், டிரைவரிடம் கொடுத்தாள். வண்டி திரும்பிப் போகும்வரை அங்கேயே நின்றாள்.

உள்ளே வந்தவள் மிஷினில் உட்கார்ந்து பாதி கையை விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே தைத்தாள். எதை அனுப்பினாய் என்று கேட்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.

எரிந்தது தம்பியுடையதாக இருக்க வேண்டும் என்று அக்கா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். எதிரில் அவனும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று அவள் கேட்கவில்லை.